இறக்குமதிக் கோழிக்காலா, உள்ளூர்க் கோழியா? டர்பன் வீடுகளின் கணக்கு

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பெரும்பாலான வீடுகளின் மாதச் சாமானில் உறைந்த கோழித்துண்டுப் பை ஒன்று இருக்கும். உருளைக்கிழங்கு சேர்த்துக் குழம்பு வைத்தால் வீடு முழுக்கச் சாப்பிடலாம். தென்னாப்பிரிக்காவில் ஏழைக்குக் கட்டுப்படியாகும் இறைச்சி கோழிதான். அதன் விலையில் பாதிக் கதை வர்த்தக ஒப்பந்தங்களில் இருக்கிறது.

முதலில் இறக்குமதி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெஞ்சுக்கறிக்குத்தான் கிராக்கி. செலவை அதிலேயே எடுத்துவிடுவதால், காலையும் தொடையையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைத் தடுக்க அமெரிக்கக் கோழிக்கு 2000 முதல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருந்தது. 2015-இல், ஆப்பிரிக்கச் சரக்குகளைச் சுங்கமில்லாமல் அமெரிக்காவில் விற்கவிடும் ஆகோவா (AGOA) என்ற அமெரிக்கச் சட்டத்தின் சலுகை பறிபோய்விடும் என்ற நெருக்கடியில், ஆண்டுக்கு 65,000 டன் அந்த வரி இல்லாமல் வர அரசு சம்மதித்தது. பழமும் ஒயினும் காரும் விற்கக் கோழிப்பண்ணையைப் பணயம் வைத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஐரோப்பிய ஒன்றியக் கோழிக்கோ, தென்னாப்பிரிக்காவோடு உள்ள வர்த்தக ஒப்பந்தப்படி வழக்கமான சுங்கமே கிடையாது. ஒப்பந்தம் இல்லாத பிரேசில்தான் முழுச் சுங்கத்தையும் கட்டுகிறது.

விலை குறைந்தால் நல்லதுதானே என்பார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே இருக்கும் ஹேமர்ஸ்டேலில் 2017-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழித் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். சம்பளம் நின்ற வீட்டில் மலிவு விலைக் கோழியும் அடுப்பேறாது.

சரி, உள்ளூர்க் கோழி மட்டும் யோக்கியமா? உறைந்த துண்டுகளில் உப்புநீர் ஏற்றி எடை கூட்டுவது இங்கே வெகுகாலப் பழக்கம். 2016-இல்தான் துண்டுகளுக்கு 15 சதவீதம் என்று உச்சவரம்பு வந்தது. பையைக் கிண்ணத்தில் வைத்து உருகவிட்டால் வெளிர்சிவப்பாகத் தண்ணீர் தேங்கும். அதற்கும் கறி விலைதான் கொடுத்திருக்கிறோம். பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த உப்பு வேறு. அப்புறம், 2020-இல் எலும்புள்ள துண்டுக்கான சுங்கம் 37-இலிருந்து 62 சதவீதமானது. போட்டி குறைந்தால் விலை ஏறாமல் இருக்குமா?

ஒரே பக்கத்தை நம்பவும் முடியாது. 2023-இல் பறவைக்காய்ச்சல் உள்ளூர்ப் பண்ணைகளைத் தாக்கி முட்டைக்கே தட்டுப்பாடு வந்தது. 2025 மே மாதம் அதே நோய் பிரேசிலில் வந்ததும் இறக்குமதி நின்றது. பள்ளிக்கூடச் சோற்றுப்பையில் ரொட்டியோடு போகும் பொலோனி என்ற மலிவான இறைச்சித் துண்டுக்கு அரைத்த கோழிக்கறி வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இரண்டில் நான் உள்ளூர்ப் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. முட்டைக்கும் டின் மத்தி மீனுக்கும் பருப்புக்கும் வாட் கிடையாது. கோழிக்கு 15 சதவீதம். சுங்கத்தால் விலையை ஏற்றிவிட்டு அதன்மேல் வாட்டும் வாங்குவது ஏழையை இரண்டு தடவை அடிப்பது. சத்துக்குறைவு இங்கே சின்ன விஷயமில்லை: 2016 தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 27 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். பண்ணையைக் காப்பாற்றும் அரசு, எலும்புள்ள துண்டுகளுக்காவது வாட்டை எடுக்கட்டும். அதுவரை, கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பையின் பின்பக்கம் உப்புநீர் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.