பிளேட் போடுவதற்கு முன்: அக்ரோபேட், அஃபினிட்டி, ஸ்கிரைபஸ்

ராயப்பேட்டையில் ஒரு சின்ன அறையும் இரண்டு கம்ப்யூட்டரும்தான் என் ஸ்டுடியோ. கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, ஜவுளிக்கடை நோட்டீஸ் என்று எந்த வேலை வந்தாலும் கடைசியில் பிடிஎஃப் ஆகித்தான் திருவல்லிக்கேணி பிரஸ்ஸுக்குப் போகிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: பிளேட் (ஒவ்வொரு மைக்கும் தனியாகச் செய்யும் அச்சுத் தகடு) போடுவதற்கு முன் அது உங்களுக்கு எதையெல்லாம் காட்டுகிறது?

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். மெரூன் நிற அட்டையில் வெள்ளை எழுத்தில் மணமக்கள் பெயர். பிரவுசரில் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. பெண்ணின் அப்பா போனில் பார்த்து ஓகே சொன்னார். அச்சாகி வந்த அட்டையில் பெயரே இல்லை. முதலில் கறுப்பாக இருந்த எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தின் மேலேயே அச்சிடும் அமைப்பு) கொடுத்திருந்தேன். நிறத்தை வெள்ளையாக மாற்றியபோதும் அந்த அமைப்பு அப்படியே இருந்துவிட்டது. வெள்ளைக்கு மை கிடையாது. ஓவர்பிரிண்ட் இருந்தால் அடியில் உள்ள மெரூனில் எழுத்துக்கான இடமும் விடுபடாது. பிரவுசர் இதையெல்லாம் காட்டுவதில்லை.

அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட் ப்ரோ காட்டும். அதில் உள்ள அவுட்புட் ப்ரிவ்யூவுக்காகவே நான் மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு (சிஎம்ஒய்கே) என்று பிளேட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். தங்க ஃபாயிலுக்கு ஸ்பாட் கலர் (தனி பிளேட்டில் போகும் நிறம்) வைத்திருந்தால் அது தனி பிளேட்டாக நிற்கிறதா, யாரோ தெரியாமல் சிஎம்ஒய்கே ஆக்கிவிட்டார்களா என்பது ஒரே பார்வையில் தெரியும். ஒரே இடத்தில் விழும் எல்லா மைகளின் சதவீதங்களையும் கூட்டிய மொத்த மை அளவு 300 சதவீதத்தைத் தாண்டும் இடங்களையும் நிறம் போட்டுக் காட்டும். ஆர்ட் பேப்பரிலேயே அதற்கு மேல் போனால் மை காயத் தாமதமாகலாம், அடுத்த தாளின் பின்பக்கம் ஒட்டலாம். இத்தோடு ப்ரிஃப்ளைட் என்ற அச்சுக்கு முந்தைய சோதனை இருக்கிறது: ஃபைலுக்குள் எம்பெட் ஆகாத (சேராத) ஃபான்ட், குறைந்த ரெசல்யூஷன் படம், திரைக்கான ஆர்ஜிபி நிறத்திலேயே தங்கிவிட்ட லோகோ எல்லாம் அதில் அகப்படும். விலைதான் கஷ்டம். தனியாக வேலை செய்கிறவருக்கு அந்தச் சந்தா பெரிய சுமை, அதை நான் மறைக்க மாட்டேன்.

அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. வேறொருவர் தந்த விளம்பர பிடிஎஃப்பை பாஸ்த்ரூ முறையில் வைத்தால் உள்ளே எதையும் தொடாமல் அப்படியே வெளியே அனுப்பும். ஆங்கில பிரோஷர்களுக்கு அருமையான கருவி. நான் பயன்படுத்திய இரண்டாம் பதிப்பில் பிளேட் பிரித்துப் பார்க்கும் வசதி இல்லை. அதைவிடப் பெரிய குறை, அதில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேராது. கொம்பு தன் இடத்தில் நிற்காத மென்பொருளில் முகூர்த்தப் பத்திரிகை செய்ய முடியாது.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஸ்கிரைபஸ்ஸைத் தயங்காமல் சொல்வேன். முழுக்க இலவசம், சிஎம்ஒய்கே உண்டு. 1.6 பதிப்பில் தமிழ் சரியாக வருகிறது, அச்சு முன்னோட்டத்தில் பிளேட்டுகளையும் பிரித்துப் பார்க்கலாம். அச்சுக்கான பிடிஎஃப் வகைகளான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, எக்ஸ்-4 இரண்டும் எடுக்கும். (பிரஸ்ஸில் எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். டிரான்ஸ்பரன்ஸிக்கு, அதாவது அடியில் உள்ளது தெரியும்படி வைத்த நிறம், நிழல் போன்றவற்றுக்கு, எக்ஸ்-1ஏவில் இடமில்லை; எக்ஸ்-4இல் அப்படியே இருக்கும்.) ஆனால் இது பக்கம் அமைக்கும் மென்பொருள். பிறர் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து சோதிக்க அக்ரோபேட் அளவுக்கு உதவாது.

கிளையன்ட் திருத்தங்களைக் குறிக்க இலவச அக்ரோபேட் ரீடரே போதும். விண்டோஸில் பிடிஎஃப்-எக்ஸ்சேஞ்ச் எடிட்டரும் நன்றாக இருக்கிறது. அதன் கட்டண வசதியை இலவசப் பதிப்பில் பயன்படுத்தினால் பக்கத்தில் வாட்டர்மார்க் விழும், கவனம். ரீடரிலும் ஒரு வேலை செய்யுங்கள்: அமைப்புகளில் ஓவர்பிரிண்ட் ப்ரிவ்யூவை 'எப்போதும்' என்று வையுங்கள். அன்றைக்கு நான் அதை வைத்து, பிரவுசருக்குப் பதில் ரீடரில் திறந்திருந்தால் அந்த அட்டைகள் வீணாகியிருக்காது.

பிடிஎஃப்புக்குள்ளேயே தமிழைத் திருத்துவதில் மட்டும் இவற்றில் எதையும் நான் நம்புவதில்லை. 'கொ' என்ற எழுத்து பல பிடிஎஃப்களில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் கிடக்கிறது. காப்பி செய்து ஒட்டினால் கொம்பு முன்னால் தனியாக விழும். யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டில் செய்த பழைய ஃபைல் என்றால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். மாமா பெயரில் ஒரு எழுத்து மாற வேண்டும் என்று இரவு பத்து மணிக்கு போன் வந்தாலும் பக்கம் அமைக்கும் இன்டிசைனில் மூல ஃபைலைத் திறந்து, தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரில் திருத்தி, புதிதாக பிடிஎஃப் எடுத்து, மறுபடி பிளேட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரஸ்ஸுக்கு அனுப்புகிறேன்.