வெள்ளம் வடிந்ததும் சம்ப் கழுவ வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள்

சாக்கடை கலந்த வெள்ளம் சம்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்குவது சென்னை வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் புதிதில்லை. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்ததுதான். தண்ணீர் வடிந்த கையோடு மோட்டாரும் ஹோஸுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள்.

ஒரு வீட்டில் நடந்தது இது. 10,000 லிட்டர் சம்ப். மேல் தண்ணீரை இறைத்தார்கள், அடிச்சேற்றைத் தொடவில்லை. திறந்து கிடந்த சாக்கிலிருந்து இரண்டு கை பிளீச்சிங் பவுடர் தூவி, "இனிமே குடிக்கலாம் சார்" என்று 3,500 ரூபாய் வாங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் குழாயில் நாற்றம்.

நாறாமல் என்ன செய்யும்? போடுகிற குளோரினை முதலில் சேறுதான் தின்னும். அவர்கள் போட்டதோ கட்டிதட்டி, நெடி மூக்கில் ஏறாத பழைய பவுடர். மூட்டையைத் திறந்து வைத்தாலே குளோரின் பறந்து சுண்ணாம்புதான் மிஞ்சும். சீல் பிரிக்காத பையா, தயாரித்த தேதி என்ன என்று கேளுங்கள்.

சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு சம்பை நிரப்பி, 10,000 லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ புதுப் பவுடர் போட வேண்டும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் சம்பில் ஊற்றுங்கள். அந்தச் சம்புத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசம் வரும்வரை திறந்துவிட்டு மூடி, 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியேற்றி அலச வேண்டும். இதை அரை மணியில் முடிக்கிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். அடுத்து நிரப்பும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும். ஒரு மணி நேரம் கழித்து, கழுவ வந்தவர் காட்டும் வாளியில் அல்ல, சமையலறைக் குழாயில் பிடித்து குளோரின் டெஸ்ட் கிட்டில் பாருங்கள்; லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும்.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பக்கத்துக் கிணற்றில் நீர் தரைமட்டத்துக்கு நிற்கும்போது சம்பை முழுசாகக் காலி செய்ய விடாதீர்கள். நிலத்தடி நீர் அடியிலிருந்து நெட்டித் தள்ளும். தளம் வெடிக்கும், புதைத்த பிளாஸ்டிக் தொட்டி என்றால் கிளம்பி மேலேயே வந்துவிடும். நீர் இறங்கும்வரை லாரித் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்துச் சமாளியுங்கள்.

டைல்ஸ் பளிச்சிட ஆசிட் ஊற்றுகிறேன் என்றால் உடனே நிறுத்துங்கள். அந்த ஈரத்தில் பிளீச்சிங் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், குழிக்குள் நிற்பவர் மூச்சுக்கே ஆபத்து.

ஆர்ஓ மெஷினை இதெல்லாம் முடியும்வரை மூடி வையுங்கள். இந்த அளவு குளோரின் பட்டால் அதற்குள் இருக்கும் மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வு போய்விடும். அதற்கு இன்னொருவர் பில்லோடு வருவார்.