கடைமடைக்குத் தண்ணீர் வருமா? ஷேர்டு, வி.பி.எஸ்., கிளவுட்: எந்த ஹோஸ்டிங் யாருக்கு

ஓணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, நாகர்கோவிலில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடைக்காரர் ஒருவர் காலை ஏழு மணிக்கு போன் செய்தார். "மக்களே, சைட்டு ஓப்பன் ஆகல்லியே. துபாய்ல இருந்து ஒருத்தர் வீட்டுக்கு ஆர்டர் போட முடியல்லன்னு போட்டோ அனுப்பியிருக்காரு." படத்தை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் 508 என்ற எண், அதன் கீழே 'ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு' என்று ஒரு வரி. தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் கெட்டுப்போகவில்லை, யாரும் ஹேக் செய்யவும் இல்லை. தளத்தை வைக்க அவர் வாடகைக்கு எடுத்திருந்த, பலரும் ஒரே சர்வரைப் பங்கிடும் ஷேர்டு ஹோஸ்டிங் கணக்குக்கு ஒதுக்கிய அளவை ஓணத்து ஆர்டர்கள் தாண்டிவிட்டன. வருஷத்தில் பதினோரு மாதம் தாராளமாகப் போதுகிற கணக்கு, அந்த ஒரு வாரத்துக்குப் போதவில்லை.

"எந்த ஹோஸ்டிங் நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். உங்கள் தளத்துக்குக் கூட்டம் எப்படி வருகிறது, தினமும் ஒரே சீராகவா, திருவிழா மாதிரி ஒரேயடியாகவா? ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் எழுந்து பார்க்க உங்களிடம் ஆள் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எத்தனை கோர், எத்தனை ஜிபி என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை விளக்க பேச்சிப்பாறை அணைத் தண்ணீரே போதும். ஷேர்டு ஹோஸ்டிங் என்பது கால்வாய்ப் பாசனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். மேல்மடைக்காரர் இஷ்டத்துக்கு இழுத்தால் கடைமடை வயல் காயும். அப்படி நடக்காமல் இருக்கத்தான் கம்பெனிகள் கிளவுட்லினக்ஸ் போன்ற மென்பொருளைப் போட்டு ஒவ்வொரு கணக்குக்கும் மடையளவு வைக்கின்றன: இவ்வளவு சிபியு, இவ்வளவு ரேம், ஒரே நேரத்தில் இத்தனை பிராசஸ். அந்த அளவு முடிந்ததும் வருவதுதான் 508. வி.பி.எஸ். (விர்ச்சுவல் பிரைவேட் சர்வர்) என்றால் அதே அணைத் தண்ணீர்தான், ஆனால் உங்கள் பங்கு தனிக் குழாயில் வருகிறது. குழாய் உடைந்தால் அடைக்க வேண்டியது நீங்கள். டெடிகேட்டட் சர்வர், அதாவது முழு இயந்திரமும் உங்களுக்கே என்பது, சொந்தக் கிணறு. கிளவுட் என்பது மோட்டாரை வாடகைக்கு எடுத்து, இறைத்த நேரத்துக்குக் காசு கொடுப்பது.

இதில் எதுவுமே தேவைப்படாதவர்கள்தான் நம் மாவட்டத்தில் அதிகம் என்பது என் எண்ணம். கன்னியாகுமரியில் நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அக்காவிடம் யாரோ வி.பி.எஸ். விற்றிருந்தார்கள். தளத்தில் இருந்தது பத்துப் பன்னிரண்டு புகைப்படங்கள், வாடகை, மேப், ஒரு வாட்ஸ்அப் பட்டன். புக்கிங் எல்லாம் அந்தப் பட்டன் வழியாகத்தான் வருகிறது. "அக்கா, இதுக்கு சர்வரே வேண்டாம்" என்று சொல்லி, பக்கங்களை வெறும் எச்.டி.எம்.எல். ஆக்கி கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற இலவச சேவையில் போட்டுக் கொடுத்தேன். இப்போது அவருக்குச் செலவு வருஷத்துக்கு ஒருமுறை டொமைன், அதாவது தளத்தின் பெயருக்கான கட்டணம் மட்டும். டேட்டாபேஸ் கிடையாது, தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் கிடையாது, உடைத்து உள்ளே வர வாசலும் கிடையாது. கிட்ஹப் பேஜஸும் இதே வகைதான். ஆனால் அங்கே தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், வெளியே போகும் டேட்டாவுக்கு மாதம் 100 ஜிபி என்ற வரம்பு உண்டு, ஆன்லைன் வியாபாரம் நடத்தும் தளத்துக்கு அவர்கள் விதியில் இடமில்லை. இப்படி வெறும் பக்கங்களாக வைக்கும் ஸ்டேட்டிக் வழியில் ஒரே குறை, சீசனுக்கு வாடகையை மாற்ற வேண்டுமென்றால் ஃபைலைத் திருத்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். அக்காவின் மகள் ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டாள்.

விற்பனை, லாகின், அடிக்கடி மாறும் விலை என்று வந்தால் ஷேர்டில் தொடங்குங்கள். இதைச் சிறுமையாக நினைக்க வேண்டாம். கணக்கை நிர்வகிக்கும் திரையான சி-பேனல் இருக்கும், பேக்கப் இருக்கும், முக்கியமாக உங்கள் டொமைன் பெயரிலேயே மெயில் இருக்கும். சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்வது அவர்கள் வேலை. வாங்கும்போது பார்க்க வேண்டியது விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் மாத விலையை அல்ல. அது பெரும்பாலும் மூன்று வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் கிடைக்கிற விலை. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால் சப்போர்ட்டில் இரண்டைக் கேளுங்கள்: என்ட்ரி பிராசஸ் எத்தனை, ஐநோடு எத்தனை? முதலாவது ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளை சர்வர் கவனிக்கும் என்பது. இரண்டாவது எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பது. ஹார்ட் டிஸ்க் அன்லிமிடெட் என்றாலும் இந்த இரண்டும் அன்லிமிடெட் ஆக இருக்காது. பதில் சொல்லத் தயங்கும் கம்பெனியை நான் விட்டுவிடுவேன்.

தளம் மெதுவாக வருகிறது என்றவுடன் பெரிய சர்வருக்கு ஓடுகிறவர்களையும் பார்க்கிறேன். வடசேரியில் கோயில் நகை செய்யும் ஒருவரின் தளத்தைத் திறந்தால் முதல் படம் வரவே எட்டு விநாடி ஆனது. கெம்புக்கல் பதித்த ஒரு ஜடைநாகத்தின் படம், கேமராவில் எடுத்தபடியே, 6 எம்பி. கல்லின் சிவப்பு மங்காமல் 300 கேபிக்குச் சுருக்கிப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. அவர் இன்றும் அதே ஷேர்டு கணக்கில்தான் இருக்கிறார்.

சரி, வி.பி.எஸ்.ஸுக்கு வருவோம். ஆசை அதிகம் வரும் இடமும் ஆபத்து அதிகம் உள்ள இடமும் இதுதான். டிஜிட்டல் ஓஷன் என்ற கம்பெனியில் 1 ஜிபி ரேம் உள்ள சிறிய சர்வர் மாதம் 6 டாலர். விலையைப் பார்த்தால் நல்ல ஷேர்டு ஹோஸ்டிங்கோடு போட்டி போடுகிறது. ரூட் என்ற முழு அதிகாரம் உங்கள் கையில், எதை வேண்டுமானாலும் நிறுவலாம், பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ரேமைத் தொட முடியாது. ஆனால் புது சர்வரை ஆன் செய்து சில நிமிடம் கழித்து அதன் லாகின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 'ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் ரூட்' என்ற வரி அடுக்கடுக்காக ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டு முகவரியிலிருந்து. உங்கள் தளத்தைப் பற்றி யாருக்கும் தெரியாத நேரத்திலேயே இது நடக்கிறது. பாஸ்வேர்டு லாகினை நிறுத்தி, சாவி ஃபைல் வைத்திருப்பவர் மட்டும் நுழையும் முறைக்கு மாற்ற வேண்டும், ஃபயர்வால் போட வேண்டும், அப்டேட்டுகளைத் தவறவிடக் கூடாது. சர்வரை இயக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் எல்.டி.எஸ். என்ற நீண்டகாலப் பதிப்புக்கே வழக்கமான ஆதரவு 5 வருஷம்தான்; அதற்குப் பிறகு புதிய பதிப்புக்கு மாற வேண்டும்.

1 ஜிபி சர்வரில் வேர்ட்பிரஸையும் அதன் டேட்டாபேஸான மை-எஸ்க்யூஎல்லையும் சேர்த்து ஓட்டினால் கூட்டம் வந்ததும் ரேம் தீரும். அப்போது லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அதிகம் ரேம் பிடித்திருக்கும் பிராசஸைக் கொல்லும். அநேகமாக அது டேட்டாபேஸாக இருக்கும். திரையில் 'எரர் எஸ்டாப்லிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்' என்று வரும். ஷேர்டில் 508 கொஞ்ச நேரத்தில் தானாக விலகும். இங்கே டேட்டாபேஸைத் தானாக எழுப்ப ஏற்பாடு செய்து வைக்காவிட்டால், நீங்கள் எழுப்பும்வரை அது படுத்தே கிடக்கும். மெயிலும் உடன் வராது. நீங்களே மெயில் சர்வர் வைத்தால் உங்கள் பில்லும் ரசீதும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் போய் விழும் வாய்ப்பு அதிகம். அதனால் மெயிலுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும். இதையெல்லாம் பார்க்க ஆள் இல்லாதவர்கள் மேனேஜ்டு வி.பி.எஸ். வாங்கலாம். விலை ஏறும், ஆனால் ராத்திரி எழுந்து பார்க்கிற வேலை கம்பெனிக்குப் போய்விடும்.

கிளவுட் என்ற பெயரில் இப்போது எல்லோரும் எல்லாவற்றையும் விற்கிறார்கள். நான் சொல்வது அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். போன்ற சேவையை. அதன் பலம், கூட்டத்துக்கேற்ப சர்வர்களை ஏற்றி இறக்கலாம் என்பது. ஆனால் இந்த ஏற்றமும் இறக்கமும் தானாக வராது. அதற்கேற்ப உங்கள் தளத்தைக் கட்டியிருக்க வேண்டும். பில்லும் ஒற்றை வரியில் வராது. சர்வருக்குத் தனி, டிஸ்குக்குத் தனி. 2024 பிப்ரவரி முதல் இணையத்தில் சர்வரைக் காட்டும் எண்ணான பொது ஐபி முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதத்துக்குச் சுமார் 3.65 டாலர். வெளியே போகும் டேட்டா மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் மும்பையில் ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். வீடியோ வைத்திருக்கும் தளத்துக்கு இந்தக் கடைசி வரிதான் கையைச் சுடும். கணக்கு தொடங்கிய அன்றே, செலவு எல்லை தாண்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட் போடாதவர்களுக்கு நான் கிளவுட்டைச் சொல்வதில்லை.

டெடிகேட்டட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முழு இயந்திரத்தின் சக்தியும் தினமும் தேவைப்படுகிற அளவுக்குத் தளம் வளர்ந்திருந்தால் அது நல்ல கணக்குதான்.

"ஆபீஸிலேயே ஒரு கம்ப்யூட்டரை சர்வராக வைத்தால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். உலகின் முதல் வெப் சர்வரே அப்படி ஒரு மேஜைக் கம்ப்யூட்டர்தான். செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதன் மேல், 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அங்கே அணைக்கக்கூடியது மனிதக் கை. நமக்கு ஓகிப் புயல் வந்தது. 2017 நவம்பர் 30 அன்று மின்கம்பங்கள் சாய்ந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதை நேரில் பார்த்த எவரும் தன் வியாபாரத்தை அறைக்குள் ஒரு யு.பி.எஸ்.ஸை நம்பி வைக்க மாட்டார்.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். நாகர்கோவிலிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், போய்வரக் குறைந்தது 13 மில்லிவிநாடி. சிங்கப்பூருக்கு 30. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 140. கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதால் உண்மையில் இன்னும் கூடும். பாதுகாப்பான இணைப்பு ஏற்பட்டு முதல் எழுத்து வருவதற்குள் மூன்று தடவையாவது போய்வர வேண்டியிருக்கும்; அமெரிக்கா என்றால் அதிலேயே அரை விநாடி கரைந்துவிடும். மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை என்று நம் பக்கத்திலேயே பெரிய கம்பெனிகளின் சர்வர்கள் இருக்கும்போது மலிவு என்று அமெரிக்காவுக்குப் போக வேண்டாம்.

எந்த வகையை எடுத்தாலும் பேக்கப்பில் ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அதிகாலை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. தளமும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். மாதம் ஒருமுறை சி-பேனலிலிருந்து இறக்கி வீட்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும், சைட் செய்து கொடுத்த பையனின் பெயரில் வேண்டாம்.

சிப்ஸ் கடை அண்ணாச்சிக்கு அந்த வாரம் ஷேர்டிலேயே கேஷ் (பக்கங்களை ஒருமுறை தயாரித்துச் சேமித்து, அதையே எல்லோருக்கும் காட்டும் முறை) போட்டுச் சமாளித்தேன். ஓணம் முடிந்ததும் பெங்களூருவில் உள்ள 2 ஜிபி வி.பி.எஸ்.ஸுக்கு மாற்றினோம், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. டிஸ்கைத் தொடாமல் சிபியு, ரேமை மட்டும் கூட்டினால் பிறகு குறைக்கவும் முடியும் என்பதால், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் 4 ஜிபிக்கு ஏற்றிவிட்டு மறுபடி இறக்கினேன். ஏற்றவும் இறக்கவும் ஒவ்வொரு தடவையும் சர்வரைச் சில நிமிடம் அணைக்க வேண்டும், அதனால் அதிகாலை மூன்று மணிக்குச் செய்தேன். மெயிலைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்தோம். மாறிய நாளுக்கு முந்தின நாளே டொமைன் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் டி.என்.எஸ்.ஸில், பழைய பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற டி.டி.எல். அளவை 300 விநாடிக்குக் குறைத்து வைத்திருந்ததால், ராத்திரி பத்தே காலுக்கு முகவரியை மாற்றியபின் சிறிது நேரத்திலேயே ஆர்டர்கள் புது சர்வரில் விழ ஆரம்பித்தன. பழைய கணக்கின் பதிவேட்டை ஒரு வாரம் தினமும் பார்த்தேன். எட்டாம் நாள் கடைக்கு ஒருவரும் அந்த வழியே வரவில்லை. அன்றைக்கு அங்கிருந்த பழைய தளத்தை அழித்தேன்.