உயிரியல் பிடித்த பிள்ளைக்கு எது: எம்.பி.பி.எஸ்ஸா, பிஎச்.டி.யா?

பிளஸ் டூவில் உயிரியல் நன்றாக வருகிறது என்றாலே வீட்டில் நீட் பேச்சுதான். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படித்து, அங்கிருந்து பிஎச்.டி.க்குப் போகும் வழி பல வீடுகளில் நீட் கைவிட்ட பிறகுதான் பேச்சுக்கு வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக இன்னொன்றுக்குப் போகக் கூடாது.

வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம், எம்.டி. மூன்று, அதற்கு மேற்பட்ட சிறப்புப் படிப்பான டி.எம். வரை போனால் இன்னும் மூன்று. எம்.டி.க்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்குத் தயாராகும் காலம் தனி. அந்தப் பக்கம் பிஎஸ்-எம்எஸ் ஐந்து, பிஎச்.டி. ஐந்தாறு, அப்புறம் போஸ்ட்டாக் எனும், பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை. எப்படியும் முப்பது வயது ஆகிவிடும். ஆனால் எம்.பி.பி.எஸ்ஸோடு நின்றாலும் டாக்டராகப் பிழைக்கலாம். பிஎச்.டி.யை மூன்றாம் வருடத்தில் விட்டால் கையில் இருப்பது பழைய எம்எஸ் மட்டும்தான்.

செலவில் பிஎச்.டி. சுலபம். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மாதாமாதம் தவறாமல் வந்துவிடும் என்று நம்பி மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

முடிவு எடுக்கும்போது பார்க்க வேண்டியது அன்றாட வேலையை. ஹவுஸ் சர்ஜனுக்கு இரவு டியூட்டி. மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவரைத் தூக்கி வருகிறார்கள். ஆக்சிஜன் வைத்து, நரம்பில் ஊசி ஏற்றி, ரத்தம் எடுத்து அனுப்பி, நெபுலைசர் கொடுத்தால், விடிவதற்குள் அவர் டீ கேட்கிறார். பலன் அன்றே தெரிந்துவிடுகிறது. ஆள் பிழைக்காவிட்டால், வெளியே காத்திருக்கும் மகளிடம் போய்ச் சொல்வதும் பல நேரம் அந்த 23 வயதுப் பிள்ளைதான்.

ஆய்வகத்தில் வேறு மாதிரி. செல்லிலிருந்து புரதத்தைப் பிரித்து, ஜெல்லில் ஓட்டி, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தோடு ஒட்டும் ஆன்டிபாடி ஊற்றி இரவு முழுக்கக் குளிரறையில் ஆடவிடுகிறார்கள். மறுநாள் படம் எடுத்தால், புரதம் இருப்பதைக் காட்டும் கோடு ஒன்றுகூட இல்லை. தப்பு ஆன்டிபாடியிலா, செய்முறையிலா, இல்லை நாம் நினைத்ததே தப்பா? இதிலேயே மாதங்கள் போகும். எரிச்சலையும் மீறி “ஏன் வரவில்லை” என்று குடைந்து பார்க்கத் தோன்றுகிற பிள்ளைக்குத்தான் பிஎச்.டி. சரிப்படும். இன்னொன்று, கைடு, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். கடுகடுப்பான பேராசிரியர் இருக்கும் வார்டிலிருந்து சில வாரத்தில் அடுத்த போஸ்டிங்குக்கு மாறிவிடலாம். கைடோடு ஐந்து வருடம் இருந்தாக வேண்டும். நிறுவனத்தின் பெயரைவிட, அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பது முக்கியம்.

ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி. மட்டும்தான் என்றும் இல்லை. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959இல் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றிய அந்த ஆய்வில் டாக்டர்களின் பங்கு பெரியது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய ககன்தீப் காங் எம்.பி.பி.எஸ்., எம்.டி., பிஎச்.டி. மூன்றும் முடித்து, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் ஆய்வில் பேர் பெற்றவர். பிஎச்.டி. பக்கத்திலும் பாதை ஒன்றல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கி, பிறகு உயிரியலுக்கு மாறி, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் பெற்றார்.

எம்.பி.பி.எஸ். படித்தவரை பெங்களூருவின் உயிரியல் ஆய்வு நிறுவனமான என்.சி.பி.எஸ். போன்ற இடங்கள் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க விடுகின்றன. பிஎச்.டி. முடித்தவர் நோயாளியைப் பார்க்க ஆசைப்பட்டால் நீட் எழுதி முதல் வருடத்திலிருந்து வர வேண்டும். அதனால் இரண்டும் சமமாகப் பிடித்தால் எம்.பி.பி.எஸ். என்றே சொல்வேன். ஆனால் நோயாளிகளோடு இருக்கவே பிடிக்காத பிள்ளையை, பாதுகாப்பு என்று சொல்லி ஐந்தரை வருடம் அங்கே தள்ளாதீர்கள்.

ஐசர் தேர்வை அந்த வருடமோ முந்தைய வருடமோ பிளஸ் டூ முடித்தவர்கள்தான் எழுத முடியும். நீட்டுக்காக ஒரு வருடம் ரிப்பீட் செய்பவர்கள் அந்த வருடமே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். 60 கேள்விகளில் 15 கணக்கு. நீட் கோச்சிங்கில் அதைத் தொட மாட்டார்கள், தனியாகத்தான் படிக்க வேண்டும்.