ஆறு வருடமாக உடுத்தும் ஜூடோ மேலாடை

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் ஜூடோ பழகத் தொடங்கினேன். வாரம் மூன்று நாள் பயிற்சி. இப்போது உடுத்துவது வெள்ளை இரட்டை நெசவு மேலாடை, அதாவது தடித்த, கனமான துணி. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் வாங்கியதில் ஏமாந்தேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது வெளுக்காத பருத்தியில் நெய்த, இதைவிட மெல்லிய ஒற்றை நெசவு. கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. நாலு துவையல் தாண்டியதும் சுருங்கி, மேலாடையின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. உள்ளூர்ப் போட்டி ஒன்றில் இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். மேலாடையின் கை குட்டையாக இருந்ததால் தேறவில்லை. இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் மோதினேன். அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான். எதிராளி பிடிப்பதற்காகவே நெய்த துணி இது, அவருக்குப் பிடி கிடைக்காமல் செய்தால் ஆட்டமே இல்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் கோடோகன் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய காலத்தில் மேலாடையின் கை குட்டையாகத்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நீளமானது.

இரட்டை நெசவு முதல் இரண்டு மாதம் பாடாய்ப் படுத்தும். மார்புப் பகுதி அரிசி மணிகளை நெருக்கி அடுக்கியது போன்ற நெசவு, இடுப்புக்குக் கீழே மெல்லிய டைமண்ட் நெசவு. புதுக் காலர் விறைப்பாக இருக்கும். தரைப்பிடிப் பயிற்சி முடிந்தால் கழுத்து சிவந்து எரியும். மூன்றாம் மாதம் துணி இளகி உடம்போடு சேர்ந்துவிட்டது. எடை மட்டும் குறையவில்லை. வியர்வையில் நனைந்தால் ஈரப் போர்வையைச் சுமப்பது போலத்தான்.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கையால் என் இடது காலரையும், இடது கையால் என் வலது முழங்கைப் பக்கத்துத் துணியையும் பிடிக்கிறார்கள். அந்த இரண்டு இடங்களும் நூல் நூலாகப் பூத்துவிட்டன. மறுபக்கம் இன்னும் புதுசு போல இருக்கிறது. நான்காம் வருடம் வலது அக்குளில் தையல் விட்டது. தையல் மெஷின் ஊசி அந்தக் கனத்துக்குள் இறங்கவில்லை. தடித்த நூலைக் கோத்துக் கையாலேயே தைத்தேன், இன்றுவரை நிற்கிறது.

துவைப்பதில் நான் விடாமல் செய்வது: பயிற்சி முடிந்த அன்றே, உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில். குளோரின் பிளீச் பருத்தியை அரிக்கும், டிரையர் சுருக்கிவிடும். இரண்டுமே வேண்டாம். மேலாடையின் இரண்டு கைகளிலும் கழியை நுழைத்து விரித்துப் போட்டால் அக்குள் சீக்கிரம் காயும். ஜூன் மாத மழைக்காலத்தில் இது காய இரண்டு நாள் ஆகும், ஈரமாக மடித்தால் நாற்றம் ஒட்டிக்கொள்ளும். அதனால் மாற்றுக்கு இன்னொன்று அவசியம்.

இதற்கு ஏறக்குறைய 20,000 யென் ஆனது. தொடக்கக்காரர்கள் இவ்வளவு செலவழிக்க வேண்டாம். ஆறு மாதம் ஒற்றை நெசவில் பழகுங்கள், சுருங்குவதற்கு இடம் விட்டு அளவு எடுங்கள். அப்புறம் தொடர்ந்து பழகுவது உறுதியானால் இரட்டைக்குப் போகலாம். எனது இடது காலரில் இப்போது உள்துணி தெரியத் தொடங்கியிருக்கிறது. அடுத்ததும் இதே நெசவுதான், அரை அளவு பெரிதாக வாங்கப் போகிறேன்.