அயமொந்தேயா, ஒந்தாரிபியாவா? படகேறி ஒரு பகல் ஸ்பெயின்

பக்கத்து நாட்டில் தங்கியபடி, எல்லை ஆற்றைப் படகில் தாண்டி ஸ்பெயினின் கடலோர ஊரைப் பார்த்துவர இரண்டு நல்ல துறைகள் உண்டு. போர்ச்சுகலின் விலா ரியால் டி சாந்து அந்தோனியுவில் ஏறி குவாதியானாவைக் கடந்தால் அயமொந்தே. பிரான்ஸின் ஆந்தாயில் ஏறி பிதசோவாவைக் கடந்தால் ஒந்தாரிபியா. முன்னதற்குக் கால் மணி நேரம், பின்னதற்குப் பத்து நிமிடம் போதும். கட்டணம் சில யூரோதான். கையில் சில்லறை இருக்கட்டும். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள்.

அயமொந்தே போகிறவர்களைக் குழப்புவது கடிகாரம். ஸ்பெயினில் எப்போதும் போர்ச்சுகலைவிட ஒரு மணி நேரம் கூடுதல். பகல் 12 மணிப் படகைப் பிடித்தால், இறங்கும்போது அங்கே 1.15. கடைகள் 2 மணிவாக்கில் மூடினால் மாலை 5 மணிவாக்கில்தான் திறக்கும். அதனால் 10 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கரையோரத்தில் செல்பேசி எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்து நேரத்தைத் தானே மாற்றிவிடும். தானியங்கி நேர அமைப்பை அணைத்துவிடுவது நல்லது. இறங்கியதுமே கடைசிப் படகு எப்போது, அது எந்த நாட்டு நேரம் என்று துறையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் பெரும்பாலும் டாக்சிதான். 1991இல் திறந்த பாலம் நெடுஞ்சாலைக்கானது. நடந்தோ சைக்கிளிலோ போக முடியாது.

ஒந்தாரிபியாவில் இந்தப் பதற்றமே இல்லை. இரு கரையிலும் ஒரே நேரம். படகு போய்விட்டாலும் பேருந்தில் இருன் வந்து, அங்கிருந்து ரயிலில் ஆந்தாய் திரும்பலாம். சிரமம் புறப்படும்போதுதான்: ஆந்தாய் ரயில் நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நகரப் பேருந்து உண்டு. விலா ரியாலில் இந்தத் தூரம் ஏறக்குறைய பாதிதான்.

பார்ப்பதற்கும் சாப்பிடுவதற்கும் எங்கள் ஓட்டு ஒந்தாரிபியாவுக்கே. மதில் சூழ்ந்த மேட்டு ஊர், அதன் கீழே மர பால்கனிகளுக்குப் பச்சையும் நீலமும் அடித்த மீனவர் வீடுகள், சான் பெட்ரோ தெருவில் வரிசையாக பின்ச்சோ எனும் சிறு தீனிக் கடைகள். எல்லாம் நடந்தே பார்க்கலாம். கடற்கரையும் நடை தூரம்தான். செப்டம்பர் 8 அலார்தே அணிவகுப்பு நாள். அன்று ஊரே நெரியும், அமைதி தேடுகிறவர்கள் வேறு நாள் பாருங்கள்.

அயமொந்தே சிறியது, நிதானமானது. லகுனா சதுக்கத்தின் ஓடு பதித்த இருக்கைகள், உவெல்வா மாகாணக் கடலின் வெள்ளை இறால், இவற்றுக்காக அரைநாள் ஒதுக்கலாம். கடலில் குளிக்க வேண்டுமென்றால் இஸ்லா கனேலா கடற்கரை வரை சில கிலோமீட்டர் போக வேண்டும். அதையும் சேர்த்தால்தான் முழுநாள் ஆகும்.

மொராக்கோவின் டான்ஜியரிலிருந்து ஸ்பெயினின் தரீஃபாவுக்கும் படகு உண்டு. அது வேறு கணக்கு. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், இருபுறமும் பாஸ்போர்ட் வரிசை, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். ஒருமுறை நுழைவு விசாவை அங்கே செலவழித்துவிட்டால் மறுபடி ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. லெவாந்தே எனும் கிழக்குக் காற்று பலமாக அடித்தால் படகே ஓடாது. அடுத்த நாள் விமானம் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.