காஸ் போகலை, கெப்பாசிட்டர்தான்: ஒரு ராத்திரி மெக்கானிக்கைப் பற்றி

மே மாதம், கத்திரி தொடங்கி ஒரு வாரம் இருக்கும். எங்கள் வீடு திருவல்லிக்கேணியில் மூன்றாவது மாடி; தலைக்கு மேல் மொட்டை மாடிதான். கடல் பக்கத்தில் என்று பேரே தவிர, மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் கடற்காற்று உள்ளே நுழையவே நேரமாகும். அன்றைக்கு அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பகலெல்லாம் வாங்கின சூட்டை மேல்தளம் ராத்திரி முழுக்கத் தவணை முறையில் திருப்பித் தரும். அப்படிப்பட்ட ஒரு நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு, ஏசி வெறும் காற்றை வீச ஆரம்பித்தது. உள்ளே படுத்திருந்தது என் மாமியார். 81 வயது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

நான் நட்சத்திரம் போட வந்தது ராத்திரி வந்த மெக்கானிக்குக்கு. ஆனால் சாயங்காலம் வந்துபோனவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவருடைய அருமை தெரியாது.

போன் ஆப்பில் பதிவுசெய்து வந்தவர் அவர். ஆப்பின் பேர் வேண்டாம். ஆறரை மணிக்கு வந்தார், சீருடை, காலுக்கு நீல உறை, எல்லாம் கச்சிதம். உள் யூனிட்டுக்கு முன்னால் கையை நீட்டினார். ஒரு நிமிஷம். "மேடம், காஸ் ஃபுல்லா போயிடுச்சு. ரீஃபில் பண்ணணும். 3,400 ஆகும், இன்னைக்கே போட்டா 200 ரூபா ஆஃபர் இருக்கு" என்றார்.

"எங்கேருந்து போச்சு?" என்று கேட்டேன்.

"யூஸ் பண்ணப் பண்ணக் கொஞ்சம் கொஞ்சமா குறையும் மேடம்."

அது என்ன காசா, செலவழிக்கச் செலவழிக்கக் குறைய? ஏசிக்குள் இருக்கிற காஸ் மூடின குழாயில் சுற்றிச் சுற்றி வருவது. எரிந்து தீர்கிற சமாச்சாரம் இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது ஒழுகுகிற குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. இது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் பெரிய படிப்பு ஒன்றுமில்லை. பத்து வருஷம் முன்னால் எங்கள் பழைய ஃப்ரிட்ஜுக்கு இரண்டு தடவை காஸ் போட்டு, இரண்டு தடவையும் ஒரே மாதத்தில் போய், பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வெளி யூனிட் மொட்டை மாடியில் இருக்கிறது, மேலே போய்ப் பார்க்கலாமே என்றேன். "தேவையில்லை மேடம், இது காஸ்தான்" என்றார். பையிலிருந்து ஒரு மீட்டரும் வெளியே வரவில்லை. விசிட் சார்ஜ் 299, அதற்கு மேல் ஜிஎஸ்டி, கொடுத்து அனுப்பினேன். வேலூரில் வேலையாக இருந்த என் வீட்டுக்காரர் போனில், "அம்மா படுத்திருக்காங்க, பேசாம போட்டுடேன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. படுக்கையில் ஒருவர் வேர்த்துக்கொண்டு கிடக்கும்போது 3,400 பெரிய தொகையாகத் தெரியாது. இந்தத் தொழிலில் சில பேர் நம்பியிருப்பதே அந்த நிமிஷத்தைத்தான்.

அத்தையை அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினேன். தரையை நனைத்து, ஜன்னலில் ஈரத் துண்டைக் கட்டி, ஃபேனைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். மேல்காற்று நாள், காற்றில் ஈரம் கம்மி, அதனால் துண்டு காயக் காயக் கொஞ்சம் குளிர்ச்சி தெரிந்தது. ஆடி ஆவணிப் புழுக்கத்தில் இந்த வித்தை பலிக்காது. மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். எட்டரைக்கு மேல் மனசு கேட்காமல், ஓஆர்எஸ் வாங்கலாம் என்று முனையிலிருக்கிற மருந்துக் கடைக்கு இறங்கினேன்.

கடைக்காரரிடம் புலம்பினேன். அவர், "எங்க ஃப்ரிட்ஜுக்கு ஒருத்தர் வருவார், கேட்டுப் பார்க்கறீங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்துக் கடையில் இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்றால் காலை வரைக்கும் காத்திருக்க முடியாது. ஆகவே ராத்திரியில் போனை எடுக்கிற, வந்தால் சரிசெய்துவிட்டுப் போகிற ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பால் பூத்து, ஐஸ்கிரீம் கடை, மருந்துக் கடை: நம்பர் வேண்டுமென்றால் இந்த மாதிரி இடங்களில் கேளுங்கள். கூகுளில் முதலில் வருகிறவரைவிட இவர் மேல்.

மூன்றாவது தடவை அடித்தபோதுதான் போனை எடுத்தார். எடுத்ததும் விலை பேசவில்லை, கேள்வி கேட்டார். "அக்கா, வெளி யூனிட் ஃபேன் சுத்துதா? ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரத்துல டக்குனு நிக்குதா? ஸ்டெபிலைசர்ல இன்புட் எவ்ளோ காட்டுது?" நான் மூச்சிரைக்க மொட்டை மாடிக்கு ஏறினேன். ஃபேன் சுற்றியது. அடியிலிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம், எட்டு பத்து விநாடி, பிறகு டக். இறங்கி வந்து ஸ்டெபிலைசரைப் பார்த்தால் 195. சொன்னேன். "சரிக்கா, ஏசியை ஆஃப் பண்ணுங்க. எம்சிபியையும், அதான் ட்ரிப் ஸ்விட்சையும், இறக்கிடுங்க. கிளம்ப முடியாம முக்கி முக்கியே கம்ப்ரசர் சூடாகிடும். பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

மத்தியானத்திலிருந்து நான் அதை எத்தனை தடவை அணைத்து அணைத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வந்தவர் இந்த ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பத்து நிமிஷம் ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. இதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், அவரிடமே சொல்லிவிட்டேன்.

வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக மாடிப்படி ஏறினார். தலையில் டார்ச். முதலில் தடித்த குழாயின் வால்வில், அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டினார். முள் 160-ஐத் தாண்டி நின்றது. "இது ஆர் 22 காஸ்க்கா. மெஷின் ஓடாதப்போ இவ்ளோ பிரஷர் நிக்குதுன்னா உள்ள காஸ் இருக்குன்னு அர்த்தம். சுத்தமா போயிருந்தா முள்ளு கீழ கிடக்கும். அளவு சரியா இருக்கான்னு ஓட விட்டுத்தான் சொல்ல முடியும்." அப்புறம் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். டெஸ்டரை வைத்து மின்சாரம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். உள்ளே டார்ச் பேட்டரி சைஸில் ஒரு வெள்ளி டப்பா, தலை உப்பியிருந்தது. கையை வைக்காமல், பிடியில் ரப்பர் போட்ட ஸ்க்ரூடிரைவரால் அதன் இரண்டு முனையையும் தொட்டார். "கரண்ட் இல்லன்னாலும் இது உள்ள சார்ஜ் வெச்சிருக்கும். ஆள தூக்கி அடிச்சிடும்." இதைக் கேட்டபிறகும் வீடியோ பார்த்துத் தானே கழற்றலாம் என்று யாராவது நினைத்தால், அவர்கள் பாடு.

அதுதான் கெப்பாசிட்டர். டப்பா மேல் 50 என்று அச்சிட்டிருந்தது, மைக்ரோஃபாரட் கணக்கு. மீட்டரில் வைத்துக் காட்டினார்: 9. கம்ப்ரசர் மோட்டார் கிளம்ப இதுதான் உந்தித் தள்ளும், வண்டிக்குக் கிக்கர் மாதிரி. கிக்கர் வலுவிழந்துவிட்டது, வோல்டேஜும் குறைவு. மோட்டார் முனகிப் பார்த்துவிட்டு, சூடேறி, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. மேற்கு வெயில் நேராக விழுகிற மொட்டை மாடியில், 2016-இல் வாங்கின யூனிட் இத்தனை வருஷம் தாங்கினதே பெரிது என்றார். மேலே தகடு போட்டு நிழல் பண்ணலாமா என்று கேட்டேன். பண்ணலாம், ஆனால் ஃபேன் தள்ளுகிற காற்றை மறைக்கக் கூடாது, பின்பக்கமும் காற்று வர இடம் வேண்டும் என்றார்.

புது கெப்பாசிட்டர் பையிலேயே இருந்தது. மாட்டி, எம்சிபியை ஏற்றச் சொன்னார். மூன்று நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது; அது ஸ்டெபிலைசர் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிற நேரம் என்று அப்புறம் சொன்னார். பிறகு ஒரு உறுமல், முனகல் இல்லை. கேஜ் முள் 160-லிருந்து வழுக்கிக்கொண்டு வந்து 68 பக்கத்தில் நின்றது. கிளாம்ப் மீட்டரில் 7 ஆம்பியர் சொச்சம். "பாருங்கக்கா, காஸ் கரெக்டா இருக்கு." தடித்த குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வேர்த்துச் சில்லென்று இருந்தது.

கீழே இறங்கினபோது அத்தை விழித்துக்கொண்டு, "இந்தப் பெட்டி என்ன அவ்வளவு கனமா, ஒன்றரை டன்னுன்னு பேசிக்கிறீங்களே?" என்று கேட்டார். மெக்கானிக் சிரித்துவிட்டார். கனத்தைச் சொல்கிற டன் இல்லை அது. ஒரு டன் ஐஸ்கட்டி ஒரு நாளில் உருகினால் எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அந்த வேகத்துக்குத்தான் ஒரு டன் என்று பேர். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஐஸ்கட்டிகளை அடுக்கி வைக்க ஃபிரடெரிக் டியூடர் 1842-இல் கட்டின இடம், இப்போது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டர் வாயில் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். அந்தப் பேரை இத்தனை வருஷமாகச் சொல்கிறோம், டன்னுக்கும் ஐஸுக்கும் உள்ள உறவு அன்றைக்குத்தான் அத்தைக்குத் தெரிந்தது.

மொத்தம் 980 ரூபாய். கெப்பாசிட்டர் 380, ராத்திரி வந்ததற்கு 600. பழைய கெப்பாசிட்டரைத் தானாகவே என் கையில் கொடுத்தார்.

குறைகளையும் சொல்கிறேன். பில் கிடையாது, மருந்துக் கடைக் கவரின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். கெப்பாசிட்டருக்கு ஆறு மாதம் என்று வாயால் சொன்னதுதான் உத்தரவாதம். படிக்கட்டுச் சுவரில் கிரீஸ் கை ஐந்து விரலோடு பதிந்திருக்கிறது, இன்னும் போகவில்லை. பக்கத் தகட்டில் ஒரு திருகாணியைப் போட மறந்துவிட்டார். மறுநாள் ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் யாரோ தட்டு கழுவுகிற மாதிரி சத்தம். போன் பண்ணி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். காசு வாங்கவில்லை.

இன்னொன்று. இன்வெர்ட்டர் ஏசியின் போர்டு வேலை இவர் செய்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதைக் காட்டியபோது, "இதுக்கு உங்க கம்பெனி சர்வீஸையே கூப்பிடுங்க சார், வாரண்டி வேற இருக்கு, நான் திறந்தா அது போயிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கே நான் அரை நட்சத்திரம் சேர்ப்பேன்.

ஆக, ஐந்துக்கு நான்கரை. பேரும் நம்பரும் போடவில்லை. போடலாமா என்று கேட்டதற்கு, "வேணாங்கக்கா, மே மாசம் போன் தாங்காது" என்றார். திருவல்லிக்கேணிக்காரர்கள் மருந்துக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உப்பின அந்த டப்பா எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு செய்தி வருகிறது: உங்கள் காஸ் ரீஃபில் நிலுவையில் உள்ளது, 200 ரூபாய் சலுகை இன்னும் மூன்று நாள்தான்.